லெப்பர்ட் கெக்கோ: ரகம் என்ன, வால் காயத்துக்கு என்ன செய்யலாம்?

செந்தூல்வாசி: என் லெப்பர்ட் கெக்கோ பல்லியை மேக் ஸ்னோ என்ற நிற ரகம் என்று சொல்லித்தான் விற்றார்கள், ஆனால் வளர வளர முதுகில் மஞ்சள் ஏறுகிறது, ஏமாற்றிவிட்டார்களா? அதோடு கூண்டில் இருக்கும் இன்னொன்று இதன் வால் நுனியைக் கடித்து, தோல் உரிந்து சிவந்திருக்கிறது.

பல்லிப்பிரியன்: மேக் ஸ்னோ குட்டியில் கறுப்பு வெள்ளைப் பட்டையாக இருக்கும், பெரிதானால் மஞ்சள் ஏறுவது சகஜம். குட்டிப் படம் இருந்தால் போடுங்கள். பட்டைக்கு நடுவே அப்போதே பளிச்சென்று மஞ்சள் இருந்தால் ஸ்னோ இல்லை. அல்பினோ (கறுப்பு நிறமி இல்லாத ரகம்) என்றால் இன்னும் தலைவலி, அதில் ட்ரெம்பர், பெல், ரெயின்வாட்டர் என்று மூன்று வகை, எது என்று படத்தைப் பார்த்து அடித்துச் சொல்பவரை நம்பாதீர்கள்.

பினாங்கு அக்கா: ரகம் கிடக்கட்டும் தம்பி, முதலில் இரண்டையும் பிரித்து வை. மணல் போட்டிருந்தால் எடுத்துவிட்டு டிஷ்யூ விரி, தினமும் மாற்று. போவிடோன் அயோடின் என்ற கிருமிநாசினியைத் தண்ணீரில் மெலிதான தே ஓ (பால் சேர்க்காத தேநீர்) நிறத்துக்குக் கரைத்து, பஞ்சில் தொட்டு ஒற்று. வாலைப் பிடிக்காதே, கழன்றுவிடும். மறுபடி முளைக்கும், ஆனால் பழைய வடிவம் வராது. நுனி கறுத்து மேலே ஏறினால் ஊர்வன பார்க்கும் மருத்துவரிடம் ஓடு.

செந்தூல்வாசி: சரி அக்கா, பிரித்துவிட்டேன். ஏர்கோன் அறை, ஹீட் மேட் (கூண்டைச் சூடாக்கும் விரிப்பு) வேண்டுமா?

பினாங்கு அக்கா: கண்டிப்பாக. கூண்டின் ஒரு பக்கம் மட்டும் 32 டிகிரி செல்சியஸ், சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டோடு.