பத்து மாத ஸ்பேனியல் எட்டப் போய்விடுகிறது. கிட்ட நின்று தேட வைப்பது எப்படி?

தோட்டத்துத் தம்பி (பீடோர்):
அண்ணன்மார்களுக்கு வணக்கம். பறவை வேட்டைக்குப் பழக்கும் ஸ்பிரிங்கர் ஸ்பேனியல் நாய், பெட்டை. வீட்டு வாசலில் சொன்னதெல்லாம் கேட்கும். செம்பனைத் தோட்டத்துக்குள் இறக்கிவிட்டால் கொஞ்ச நேரம்தான் பக்கத்தில் இருக்கும், அப்புறம் நாலைந்து நிரை தாண்டிவிடும். விசிலுக்குத் திரும்பிப் பார்க்கும், வராது. இன்னும் துப்பாக்கிக்குப் பழக்கவில்லை, எறிந்து எடுத்துவர வைக்கும் டம்மி மட்டும்தான். நீளக் கயிறா, மின்னதிர்ச்சி தரும் ஷாக் காலரா?

எதிர்காற்று:
ஷாக் காலர் வேண்டாம் தம்பி. அந்த நொடியில் மூக்கில் இருந்த வாசனையோடு வலியைச் சேர்த்துக்கொண்டால், பிறகு புதருக்குள் நுழையவே தயங்கும்.

அது தூரம் போவது தூரத்தில்தான் ஏதாவது கிடைக்கிறது என்பதால். அதை மாற்று. கணுக்கால் உயரப் புல் உள்ள திடல் போதும், பறவை வாசனை இல்லாத இடமாக இருக்கட்டும். காற்று உன் முகத்தில் அடிக்க வேண்டும். நாய் இடமும் வலமும் குறுக்கே ஓடட்டும். ஒரு பக்கம் பத்துப் பன்னிரண்டு மீட்டர் போனதும் இரண்டு குட்டை விசில். அதே நேரம் நீயும் எதிர்ப்பக்கம் இரண்டடி எடுத்து வை, கையை நீட்டு. அது அந்தப் பக்கம் பார்த்து ஓடும்போது உன் காலடிப் புல்லில் டென்னிஸ் பந்தைப் போட்டுவிடு. போடுவதைப் பார்த்துவிட்டால் மூக்கை விட்டு உன் கையைத்தான் கவனிக்கும். திரும்பி வரும்போது பந்து உன்னிடத்தில் கிடைக்கும். மூன்று பந்து கண்டுபிடித்ததும் நிறுத்து, ஆசை மிச்சம் இருக்கும்போதே.

முதுகுக் காற்றில் நாய் நேரே தூரம் போய், அங்கிருந்து உன்னை நோக்கித் தேடி வரும். அது அடங்காமை இல்லை. பழகும்வரை அந்தத் திசையில் நடக்காதே.

பழைய மண்டோர்:
செம்பனையிலேயே அளவுகோல் இருக்கிறது. 9 மீட்டர் முக்கோண நடவு என்றால் நிரைக்கு நிரை சுமார் 7.8 மீட்டர். இரண்டு நிரை ஏறக்குறைய 15 மீட்டர், அதுதான் எல்லை. ஷாட்கன்னுக்கு 35 மீட்டருக்கு மேல் நம்பிக்கை இல்லை. ருவாக்-ருவாக் பறவை எழும்பி, நீ துப்பாக்கியைத் தோளில் வைப்பதற்குள் அது இன்னும் பத்துப் பதினைந்து மீட்டர் போயிருக்கும்.

கயிறு திடலில் மட்டும். பத்து மீட்டர், நுனியில் முடிச்சோ வளையமோ கூடாது, கையுறை போடு. சுண்டி இழுக்காதே, காலால் மிதித்து நிறுத்து. செம்பனைக்குள் மட்டை முள்ளில் சிக்கும். மட்டைக் குவியலில் எலி, எலிக்குப் பின்னால் நாகம்.

எலி மருந்து வைக்கும் சுற்று எப்போது என்று ஆபீஸில் கேட்டுவிட்டுத்தான் உள்ளே போ. இரத்தம் உறையவிடாத மருந்தாக இருந்தால் சில நாள் கழித்துத்தான் காட்டும்: ஈறு வெளுப்பு, சோர்வு, மூக்கில் இரத்தம். தின்றதாகச் சந்தேகம் வந்தாலே விலங்கு மருத்துவரிடம் போ, அறிகுறிக்குக் காத்திராதே. அந்த வகைக்கு வைட்டமின் கே1 மாற்று மருந்து.

தோட்டத்துத் தம்பி:
நன்றி அண்ணே. நாலு தடவை ஊதினாலும் வராவிட்டால்?

எதிர்காற்று:
நாலு தடவை ஊதுவதுதான் கோளாறே. முதல் மூன்றுக்கும் அர்த்தம் இல்லை என்று அது படித்துவிடுகிறது. ஒரு தடவை ஊது. கேட்காவிட்டால் சத்தம் போடாமல் நடந்து போய்ப் பிடி, ஊதும்போது நின்ற இடத்துக்கே கொண்டுவந்து உட்கார வை, மறுபடி ஊது. நீளமாக ஒன்று: உட்கார். குட்டையாக இரண்டு: திரும்பு. குட்டையாகப் பல: வா. ஸ்பேனியலுக்கு அக்மி 210.5 விசில் வாங்கு, தொலைந்தாலும் அதே சுருதியில் இன்னொன்று கிடைக்கும். விரல் விசிலுக்கு அந்த உத்தரவாதம் கிடையாது.

பழைய மண்டோர்:
விடிந்ததும் போ, வெயில் ஏறும் முன் முடி. வாய் திறந்து இளைக்கிற நாய்க்கு மூக்கு சரியாக வேலை செய்யாது. திடலில் இரண்டு விசிலுக்குத் தவறாமல் திரும்பினால் மட்டும் முதிர்ந்த மரங்களுக்குள் கூட்டிப்போ. கொடி மூடிய மறுநடவுத் தீம்பார் (தோட்டப் பகுதி) இப்போது வேண்டாம், அங்கே நாய் எந்தப் பக்கம் திரும்பியது என்றே உனக்குத் தெரியாது.