அம்பாசடர் டீசல்: ராத்திரியில் லைனில் காற்று ஏறுகிறது

1996 அம்பாசடர், 1.5 டீசல். இடம் செங்கோட்டை. 3 வாரமாக, ராத்திரி நிறுத்திய வண்டி காலையில் லிஃப்ட் பம்ப் (டேங்கிலிருந்து டீசலை இழுத்துத் தரும் பம்ப்) லீவரை 20 தடவை அடித்தால்தான் ஸ்டார்ட் ஆகிறது. பிறகு புளியரை ஏற்றத்திலும் இழுவை குறைவதில்லை.

ஸ்டார்ட் செய்யும் முன் இன்ஜினுக்குள் சூடேற்றும் ஹீட்டர் பிளக் நாலும் நன்றாகச் சிவக்கின்றன. டீசல் ஃபில்டர், செம்பு வாஷர், டேங்க் பக்கத்து ஹோஸ், கிளிப் எல்லாம் புதுசு. ஃபில்டருக்கு முன்னால் கண்ணாடி போன்ற டியூப் போட்டுப் பார்த்தால், காலையில் ஒரு சாண் நீளத்துக்கு வெறும் காற்று. வெளியே ஒரு சொட்டுக் கசிவு இல்லை. உறிஞ்சும் பக்கத்து ஓட்டை அப்படித்தான், காற்றை இழுக்கும், டீசலைக் காட்டாது.

கேனை உயரத்தில் கட்டி நேராக ஃபில்டருக்குக் கொடுத்தால் முதல் சுற்றிலேயே ஸ்டார்ட். அதே கேனைத் தரையில் வைத்து லிஃப்ட் பம்ப் வழியாகக் கொடுத்தால் மறுநாள் பழையபடிதான். பம்ப்பைப் பிரித்து டயஃப்ரம், 2 வால்வு மாற்றியும் தீரவில்லை.

பம்ப்பில் காற்று புகும் இடத்தை வீட்டிலேயே கண்டுபிடிக்க என்ன வழி?