புதுப்பிப்பு: பழைய கார்களின் குறைகளைக் காணொளியில் காட்டத் தொடங்கிய பின்

விற்பனைக்கு வரும் பழைய கார்களின் குறைகளையும் காணொளியில் காட்டலாமா என்று சில மாதங்களுக்கு முன் இதே இழையில் கேட்டிருந்தேன். காட்டினால் விற்பனை சரியும் என்று பலர் எச்சரித்திருந்தீர்கள். கோவையில் உள்ள எங்கள் நிலையத்தில் அதைத் தொடங்கிவிட்டோம்.

மறுபடி பெயின்ட் அடித்த கதவு, தேய்ந்த டயர், சர்வீஸ் பதிவுடன் ஒப்பிட்ட ஓடோமீட்டர் (ஓடிய தூரத்தைக் காட்டும் கருவி) அளவு ஆகியவற்றை வெட்டாமல் படம்பிடித்து, விலையையும் சேர்த்தே இன்ஸ்டாகிராமில் வெளியிடுகிறோம். ‘விலைக்கு இன்பாக்ஸில் வாருங்கள்’ என்பதைப் போலச் சந்தேகத்தை வளர்க்கும் பதில் வேறில்லை என்பது என் உறுதியான எண்ணம்.

மத்திய மோட்டார் வாகன விதிகளின் திருத்தப்படி, பழைய வாகனங்களை வாங்கி விற்போர் 2023 ஏப்ரல் 1 முதல் வாகனப் பதிவு அதிகாரியிடம் அங்கீகாரச் சான்று பெற வேண்டும். அந்தச் சான்றையே எங்கள் பக்கத்தின் முதல் பதிவாக நிறுத்தியிருக்கிறோம்.

கியர்பாக்ஸ் பழுது குறித்து ஒருவர் எழுதிய கடுமையான புகாரை அழித்துவிடலாம் என்று என் தம்பி சொன்னபோது நான் இணங்கவில்லை; அதன் கீழேயே பதிலளித்து, பழுதைச் சரிசெய்து, பணிச்சீட்டின் படத்தையும் இட்டோம். அதைப் படித்துவிட்டு வந்ததாகச் சொன்ன இருவர், தங்கள் மெக்கானிக்கையும் உடன் அழைத்து வந்தார்கள். அப்படி அழைத்து வரும்படி இப்போது ஒவ்வொரு பதிவிலும் நாங்களே கேட்டுக்கொள்கிறோம்.