சோளிங்கர் படியில் கால் எழாமல் போன அன்று: உங்களுக்கும் இப்படி நேர்ந்ததுண்டா?

காட்பாடி வாசகர்:
கார்த்திகை ஞாயிறு, பெரிய மலை. முந்தின இரவிலிருந்தே பட்டினி, தரிசனம் முடியும்வரை பச்சைத் தண்ணீரும் தொடுவதில்லை என்று வேண்டுதல். 1305 படிகளில் பாதியைத் தாண்டியிருப்பேன். வலது காலைத் தூக்கினேன், எழவில்லை. வலியும் இல்லை, மூச்சும் வாங்கவில்லை. காது மட்டும் அடைத்துக்கொண்டது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த பாட்டி, குரங்குக்குத் தெரியாமல் முந்தானையில் முடிந்து வைத்திருந்த வெல்லத்தை எடுத்தார். ஒட்டியிருந்த எறும்பை ஊதிவிட்டு, "வாயில் போடு கண்ணு, சாமி ஒன்றும் சொல்லாது" என்றார். பத்து நிமிடத்தில் எழுந்துவிட்டேன். என் எடை 84 கிலோ. இடுப்பைச் சுற்றி இத்தனை கொழுப்பு இருந்தும், நெல்லிக்காயளவு வெல்லத்துக்காக உடம்பு காத்துக் கிடந்ததே! இன்றுவரை உறுத்துகிறது.

ராணிப்பேட்டை வாசகி:
எங்கள் நைனாவுக்கு ஆடிக் கிருத்திகை விரதம். சர்க்கரை மாத்திரையைப் போட்டுக்கொண்டார், சாப்பிடவில்லை. மதியம் திண்ணையில் உட்கார்ந்து ஒரே டம்ளரை வேட்டி நுனியால் துடைத்தார், துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார். சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. "நைனா" என்றேன். நிமிர்ந்து பார்த்து, "நீ யாரம்மா?" என்று கேட்டார். விழுங்கும் நிலையில் இருந்ததால் மூன்று ஸ்பூன் சர்க்கரையைக் கரைத்துக் குடிக்க வைத்தேன். கால் மணி நேரத்தில் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்.

அந்த வகை மாத்திரை, சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் கணையத்தை இன்சுலின் சுரக்க வைக்குமாம். இன்சுலின் மிகுந்திருக்கும்போது கல்லீரல் தன் சேமிப்பை வெளியே விடாது, கொழுப்பும் கரையாது என்று டாக்டர் சொன்னார். குதிர் நிறைய நெல் இருந்தும் அதன் வாயை அடைத்துவிட்டதைப் போல.

குடியாத்தம் வாசகர்:
காட்பாடி நண்பரே, கொழுப்பைக் குறை சொல்லாதீர்கள். நீங்கள் அசையாமல் உட்கார்ந்திருந்த நேரத்திலும் அதுதான் எரிந்துகொண்டிருந்தது. ஒரு கிராமில் 9 கலோரி, மாவுச்சத்தில் 4தான். ஆனால் கொழுப்பு நிதானமாகத்தான் எரியும், படியேற்றத்தின் அவசரத்துக்கு ஈடுகொடுக்காது. கொழுப்பு அமிலத்தைக் குளுக்கோஸாக மாற்றவும் நம் உடலுக்கு வழியில்லை. இரவெல்லாம் மூளைக்குக் குளுக்கோஸ் கொடுத்தது கல்லீரல். அதன் கையிருப்பே சுமார் 100 கிராம் கிளைகோஜன் (உடம்பு குளுக்கோஸைச் சேர்த்துவைக்கும் வடிவம்), விடியும்போது பெரும்பகுதி தீர்ந்திருக்கும். தசைகளில் 400 கிராம் அளவுக்கு இருந்தாலும் அது அந்தந்தத் தசைக்கு மட்டுமே, இரத்தத்துக்குத் திரும்பாது. ஓர் இரவுப் பட்டினியில் தீர்ந்தும் போகாது. ஆகவே உங்களைச் சாய்த்ததில் தண்ணீர் குடிக்காததற்கும் பெரும் பங்கு உண்டு என்பேன்.

என் கதை சிறியது. சோற்றையும் களியையும் நிறுத்தினேன், ஐந்து நாளில் மூன்று கிலோ குறைந்தது. ஆம்பூர்க் கல்யாணத்தில் ஒரு வேளை பிரியாணி, அடுத்த இரண்டு நாள் பழையபடி சோறு. இரண்டு கிலோ திரும்பிவிட்டது. கிளைகோஜன் ஒவ்வொரு கிராமும் மூன்று கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். நான் இழந்ததில் பெரும்பகுதி தண்ணீர்தான்.

மலையேறுகிறவர்கள் இரண்டு மணி நேரம் முன்பே நான்கு இட்லியாவது சாப்பிடுங்கள். பையில் வெல்லமும் தண்ணீரும் இருக்கட்டும். பட்டினி நாள்கணக்கில் நீண்டால் உடம்பு தசையைக் கரைத்துக் குளுக்கோஸ் செய்துகொள்ளும், புரதத்துக்கென்று தனிக் கிடங்கு கிடையாது. விரதமே வேண்டாம் என்பது என் கருத்து.

வாணியம்பாடி வாசகர்:
கடைசி வரியை ஏற்க மாட்டேன். ரமலான் முழுவதும் நோன்போடு தோல் ஷெட்டில் நின்று வேலை செய்கிறேன். முதல் மூன்று நாள்தான் தலைவலி. விடியலுக்கு முன் சஹர் வேளையில் வயிறாரச் சாப்பிட்டு நன்றாகத் தண்ணீர் குடிக்கிறோம், மாலையில் பேரீச்சம்பழமும் நோன்புக் கஞ்சியும். உடம்பு பழகிக்கொள்கிறது. நைனாவைப் போல மாத்திரை போடுகிறவர்கள் விஷயம் வேறு, அவர்கள் டாக்டரைக் கேட்டே ஆகவேண்டும்.

காட்பாடி வாசகர்:
தண்ணீரை நான் நினைத்தே பார்க்கவில்லை, உண்மைதான். இறங்கும்போது பாட்டியைத் தேடினேன், காணவில்லை. ராணிப்பேட்டை அம்மா, நைனா இப்போது எப்படி இருக்கிறார்?

ராணிப்பேட்டை வாசகி:
நன்றாக இருக்கிறார். டாக்டர் மாத்திரையை மாற்றிக் கொடுத்திருக்கிறார். இந்த ஆடியில் சாப்பிட்டுவிட்டுத்தான் ரத்தினகிரிக்குப் புறப்பட்டார். சட்டைப் பையில் சர்க்கரைப் பொட்டலத்தை நானே வைத்து அனுப்பினேன்.