மடுவத்துத் தராசைப் பற்றிப் படிக்க ஒரு பாடம் இருக்கிறதா?

கேள்வி: கொழுந்துக்கூடை

வணக்கம். பேராதனை கலைப்பீடத்தில் இரண்டாம் வருடம், சமூகவியல். வீடு தலவாக்கலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில். அம்மா கொழுந்து எடுக்கிறார்.

நான் ஏ.எல். (உயர்தரம்) படிக்கும்போது மடுவத்தில், அதாவது கொழுந்து நிறுக்கும் கொட்டகையில், தொங்கு தராசுதான். ஊசி எங்கே நிற்கிறதென்று அம்மாவும் பார்ப்பார், கணக்குப்பிள்ளையும் பார்ப்பார். "சாக்குக்கும் தண்ணிக்கும் ரெண்டு கிலோ கழிவு" என்று அவர் வாய்விட்டுச் சொல்வார். "இன்னைக்கு மழையே இல்லையே ஐயா, எங்க தண்ணி?" என்று நாலு பேர் சேர்ந்து கேட்பார்கள். சில நாள் ரெண்டு ஒன்றாகிவிடும்.

போன வருடம் டிஜிட்டல் தராசு வந்தது. திரை கணக்குப்பிள்ளை பக்கம் இருக்கிறது. சீட்டில் வருவது கழித்து முடித்த எண் மட்டும். கழிவு எவ்வளவு என்றால், "மெஷின்தான் கழிக்குது, நான் என்ன செய்ய?" என்கிறார். லீவுக்குப் போனபோது நானே நின்று பார்த்தேன். அம்மா இடுப்பில் கட்டும் படங்குத் துணியை உதறிக்கொண்டே சீட்டை வாங்கினார், மடித்து முந்தானையில் முடிந்தார், நகர்ந்துவிட்டார். ஒரு வார்த்தை பேசவில்லை. முன்பெல்லாம் அந்த இடத்தில் நின்று வாதாடியவர் அவர்.

இதைத்தான் படிக்க வேண்டும் என்று இருக்கிறது. விஞ்ஞானமும் தொழில்நுட்பமும் சமூகமும் பற்றிய துறையே தனியாக உண்டு என்று ஒரு விரிவுரையாளர் சொன்னார். மாமாவோ "ஐ.சி.டி. (தகவல் தொழில்நுட்பம்) செய், இல்லாட்டி டீச்சிங் எடு" என்கிறார். ஏ.எல்.லில் கலைப்பிரிவு செய்த எனக்கு இது சரிவருமா? முதுகலை எங்கே செய்யலாம்?

பதில்: பதுளை அக்கா

சரிவரும் தங்கச்சி. டெல்லி ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தில் விஞ்ஞானக் கொள்கை ஆய்வுகளுக்கான மையத்தில்தான் நான் படித்தேன். என்னோடு இருந்தவர்களில் பொறியியல் முடித்தவர்களும் உண்டு, வரலாறு முடித்தவர்களும் உண்டு. எடின்பரோ, மாஸ்ட்ரிக்ட் பல்கலைக்கழகங்களிலும் இந்தத் துறை இருக்கிறது. இந்தியாவென்றால் உயர்ஸ்தானிகராலயத்தின் புலமைப்பரிசில் அறிவிப்பைக் கவனித்துக்கொண்டே இரு.

ஆனால் விஞ்ஞானத்தை ஒதுக்கிவிட்டு இதைப் படிக்க முடியாது. நம் கதையையே எடு. 1869இல் இலங்கையில் கோப்பி இலையில் துருநோய் கண்டது. 1880இல் ஆராய வந்த ஆங்கிலேயத் தாவரவியலாளர் மார்ஷல் வார்ட், அது காற்றில் பரவும் பூஞ்சணம் என்று காட்டினார். காட்டை வெட்டி மலை மலையாகக் கோப்பியை மட்டும் நட்டதால் வித்துகளைத் தடுக்க எதுவும் இல்லாமல் போனது. கோப்பி அழிந்து தேயிலை வந்தது. கோப்பிக் காலத்தில் நம் ஆட்களில் பெரும்பாலோர் பழம் பறிக்கும் மாதங்களுக்குத் தமிழ்நாட்டிலிருந்து வந்து திரும்பியவர்கள். தேயிலை வருடம் முழுக்கத் துளிர்க்கும், வாரத்துக்கொரு தடவையாவது எடுக்க வேண்டும். அதனால் குடும்பத்தோடு லயத்தில், தோட்டத்து வரிசை வீடுகளில், நிலைத்தோம். செடி எப்படி வளர்கிறதென்று தெரியாமல் இதை எழுத முடியுமா?

பதில்: பழைய கணக்கர்

மகள், நான் பதினொரு வருசம் மடுவத்துல கொழுந்து நிறுத்தவன், கடைசி மூணு வருசம் டிஜிட்டல்ல. கழிவு மெஷினுக்குத் தானாத் தெரியாது. காலையில ஒருத்தர் அடிச்சு வைக்கணும். எண்ணை ஆபீஸ்ல இருந்து சொல்லுவாங்க, நான் அடிப்பேன். மழை விட்ட பிறகும் மழை நாள் எண்ணே கிடந்த நாள் உண்டு. மாத்தவான்னு நான் கேட்கல. அது என் தப்பு, இன்னைக்கும் மனசுல இருக்கு.

நனைஞ்ச கொழுந்துல தண்ணி இருக்கிறது உண்மைதான், அதையும் மறைக்காம எழுதுங்க. ஆனா எவ்வளவுன்னு யாராவது நிறுத்துப் பார்த்தாங்களா? வெறும் சாக்கைக் காய்ஞ்சபடி ஒரு தடவை, நனைச்சு ஒரு தடவை நிறுங்க. அந்த எண்ணை யார் சொல்றாங்க, எந்தப் புத்தகத்துல பதியுறாங்கன்னு கேளுங்க.

பதில்: ஹட்டன் புரோகிராமர்

நான் உங்கள் மாமா சொன்ன ஐ.சி.டி.தான் படித்தேன். இப்படி ஒரு தராசுக்கு மென்பொருள் எழுதிய குழுவில் இருந்திருக்கிறேன். எங்களிடம் தந்த தேவைப் பட்டியலில் ஆபீஸ் அறிக்கைக்கு மட்டும் ஏழு பக்கம். கொழுந்து எடுப்பவர் எதைப் பார்க்க வேண்டும் என்று ஒரு வரி இல்லை, நாங்களும் கேட்கவில்லை. மொத்தம், கழிவு, மிச்சம் என்று சீட்டில் மூன்று வரி அச்சடிப்பது அரைநாள் வேலை. தயவுசெய்து இதைப் படியுங்கள். எங்களோடு ஒரே மேசையில் உட்கார்ந்து இதைக் கேட்க ஆள் வேண்டும்.

கொழுந்துக்கூடை:

எல்லோருக்கும் நன்றி. ஐயா, நேற்றே கடைத் தராசில் நிறுத்தோம். காய்ந்த சாக்கு 150 கிராம். நனைத்து உதறியது 300. நனைந்த கொழுந்தை நிறுக்க மழை வரட்டும் என்கிறார் அம்மா. இரண்டு எண்ணையும் என் கொப்பியில் அவரே எழுதி, பக்கத்தில் தேதியும் போட்டார்.