மாங்கூழ் சீசனும் கிளவுட் பில்லும்: நம்ம பக்கத்து அனுபவங்கள்

காவேரிப்பட்டணம் உறுப்பினர்:

எங்களுடையது மாங்கூழ் ஆலை. லோடு இறங்க ஆரம்பித்துவிட்டால் ஜூலை வரை ராத்திரி பகல் தெரியாது. அப்புறம் பாய்லரை அணைத்துவிட்டால் கேட்டில் வாட்ச்மேன், ஆபீஸில் நாங்கள் இரண்டு பேர், அவ்வளவுதான். இந்தக் கொஞ்ச மாதக் கூத்துக்காக ஒரு சர்வர், அதற்கு ஏசி, யுபிஎஸ் பேட்டரி என்று செலவழிப்பது முதலாளிக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. சீசனுக்கு மட்டும் வாடகைக்கு எடுத்தால் போதுமே என்று கிளவுடுக்கு, அதாவது நெட் வழியாக வாடகைக்குக் கிடைக்கும் சர்வருக்கு, மாறினோம். எங்களுடையது அமேசானின் மும்பை மையத்தில் இருக்கிறது.

எடைமேடையை மட்டும் மாற்றவில்லை. பெங்களூரா ரக மாங்காய் ஏற்றிய டிராக்டரும் டெம்போவும் ரோடு வரைக்கும் வரிசையில் நிற்கும்போது, "நெட் இல்லைங்க, கொஞ்சம் பொறுங்க" என்று ஒரு விவசாயியிடம் சொல்லிப் பாருங்கள், தெரியும். அதனால் சீட்டு போடுவது அங்கே இருக்கும் கம்ப்யூட்டரிலேயே. மொத்த எடை, காலி வண்டி எடை, ரகம், அன்றைய விலை எல்லாம் அதில் பதிவாகி, நெட் வந்ததும் மேலே போய்ச் சேரும். எல்லாவற்றையும் கிளவுடில் ஏற்றுங்கள் என்று விற்பவர்கள் சொல்வார்கள். விற்பவர்கள் வேறென்ன சொல்வார்கள்?

சீசன் முடிந்து சர்வரை நிறுத்திய பிறகும் பில் வந்தது. அமைத்துக் கொடுத்தவரைக் கேட்டால் "அது அப்படித்தான் சார்" என்றார். பில்லை வரி வரியாகப் பார்த்ததில் விஷயம் புரிந்தது. சர்வரை நிறுத்தினால் அது ஓடும் நேரத்துக்கான கட்டணம் மட்டும்தான் நிற்கும். டிஸ்க் நம் கணக்கில் இருக்கும்வரை அதற்கு வாடகை உண்டு. பொது ஐபி முகவரிக்கும் (நெட்டில் நம் சர்வரை அடையாளம் காட்டும் எண்), பயன்படுத்தினாலும் சரி, சும்மா வைத்திருந்தாலும் சரி, 2024 பிப்ரவரி 1 முதல் மணிக்கு அரை சென்ட். மாதத்துக்கு மூன்றரை டாலருக்குச் சற்று மேல் வரும், அதற்கு மேல் 18% ஜிஎஸ்டி.

இப்போது டிஸ்கை ஸ்னாப்ஷாட், அதாவது அப்படியே ஒரு நகல், எடுத்துக்கொண்டு அழித்துவிடுகிறோம், ஐபியையும் விட்டுவிடுகிறோம். ஸ்னாப்ஷாட்டுக்கும் காசு உண்டு, ஆனால் டிஸ்க் அளவுக்கு இல்லை. அடுத்த சீசனுக்கு அதிலிருந்தே சர்வரை எழுப்பிக்கொள்ளலாம். ஐபி மாறிவிடும் என்பதால் எடைமேடை கம்ப்யூட்டரில் எண்ணைப் போடாமல் டொமைன் பெயரைப் போட்டிருக்கிறோம்.

உங்கள் பக்கம் எப்படி?

ஓசூர் சிப்காட் உறுப்பினர்:

எங்களுக்கு சீசன் எல்லாம் கிடையாது சார், மூன்று ஷிஃப்ட். எங்களைக் கிளவுடுக்குத் தள்ளியது பக்கத்து ஷெட்டில் நடந்த சம்பவம். காலையில் வந்து பார்த்தால் டிராயிங் ஃபைல் ஒன்றும் திறக்கவில்லை. திரையில் பணம் கேட்டு ஒரு நோட்டீஸ். பேக்கப் ஹார்ட் டிஸ்க் அதே கம்ப்யூட்டரில் செருகியே இருந்ததால் அதுவும் போச்சு.

நாங்கள் ராத்திரி பேக்கப்பை இப்போது கிளவுடில் 'ஆப்ஜெக்ட் லாக்' போட்டு வைக்கிறோம். குறித்த காலம் முடியும்வரை அந்த ஃபைலை அழிக்கவும் முடியாது, மேலெழுதவும் முடியாது. கறாரான முறையைத் தேர்ந்தெடுத்தால் கணக்கின் சொந்தக்காரரே நினைத்தாலும் நடக்காது. அதிலேயே ஒரு சிக்கலும் இருக்கிறது: காலத்தைப் பத்து வருஷம் என்று போட்டுவிட்டால் பத்து வருஷமும் வாடகை கட்டியே ஆக வேண்டும். முதலில் ஒரு நாள் என்று வைத்துச் சோதித்துப் பாருங்கள்.

தர்மபுரி, ஆடிட்டர் ஆபீஸ்:

ஒன்று சேர்த்துக்கொள்கிறேன். பிரைவேட் லிமிடெட்டாக இருந்தால் கணக்குப் புத்தகங்களின் பேக்கப் இந்தியாவில் இருக்கும் சர்வரில் தினமும் இருக்க வேண்டும். கம்பெனி கணக்கு விதிகளில் 2022 ஆகஸ்டில் வந்த திருத்தம் இது. 2023 ஏப்ரல் 1 முதல் யார், எப்போது, எந்தப் பதிவைத் திருத்தினார் என்ற எடிட் லாகும் கட்டாயம். பார்ட்னர்ஷிப்புக்கு இந்த விதிகள் இல்லை. கிளவுட் எடுக்கிறவர்கள் மும்பை, ஹைதராபாத், சென்னை என்று மையத்தின் பெயரைக் கேட்டு வாங்குங்கள். "எல்லாம் இந்தியாதான்" என்று வாய்வார்த்தையாகச் சொன்னால் ஆடிட்டில் நாங்கள்தான் திண்டாட வேண்டும்.

பர்கூர், கிரானைட்:

காவேரிப்பட்டணம் அண்ணா, ஸ்னாப்ஷாட்டிலிருந்து எழுப்பிய சர்வர் எங்களிடம் முதல் நாள் இழுத்துக்கொண்டே இருந்தது. உங்களுக்கு அப்படி இல்லையா? இன்னொன்று, பிடிக்கவில்லை என்று வேறு கம்பெனிக்கு மாறினால் டேட்டாவை வெளியே எடுக்கவே தனியாகப் பணம் கேட்பார்களாமே?

காவேரிப்பட்டணம் உறுப்பினர்:

இழுக்கும் தம்பி. புது டிஸ்கில் டேட்டா மொத்தமும் உடனே வந்து உட்காராது. ஒவ்வொரு பகுதியும் நாம் முதல்முறை தொடும்போதுதான் பின்னாலிருந்து வரும். அதனால் முதல் லோடு வருவதற்குச் சில நாள் முன்பே எழுப்பி, டிஸ்க் முழுவதையும் ஒரு தடவை படிக்கவிட்டு விடுகிறோம். அதற்குப் பிறகு பழைய வேகம் வந்துவிடும்.

ஒரேயடியாகக் காலிசெய்து போகிறவர்களுக்கு அந்தக் கட்டணத்தை 2024 ஜனவரியில் கூகுள் எடுத்துவிட்டது. மார்ச்சில் அமேசானும் மைக்ரோசாஃப்டும் எடுத்துவிட்டன. ஆனால் கிளம்பும் முன் அவர்களிடம் சொல்லி அனுமதி வாங்க வேண்டும். தினசரி எடுக்கிற டேட்டாவுக்கு அந்தச் சலுகை இல்லை.