மாண்டிசோரியில் மூன்றாம் ஆண்டை விடலாமா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

வணக்கம். மகளுக்கு மூன்று வயது ஆகப்போகிறது. மழலையர் பள்ளிக்கு விண்ணப்பிக்க வேண்டும். குழந்தை பொருட்களைக் கையாண்டு தானே கற்கும் மாண்டிசோரி முறையில் 3 முதல் 6 வயதுவரை ஒரே வகுப்பு. முதல் இரண்டு ஆண்டு மூத்த குழந்தைகளைப் பார்த்துக் கற்ற குழந்தை, மூன்றாம் ஆண்டில்தான் சின்னவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும். ஐந்து வயதில் பெரிய பள்ளிக்கு மாற்றினால் அதுதான் போய்விடும், மனசு கேட்கவில்லை. ஆனால் காத்திருந்தால், அங்கே தொடக்க வகுப்பிலேயே இடங்கள் நிரம்பிவிடுமே!

மூன்றாண்டும் முடித்துச் சேர்த்தவர்களே, முதல் வகுப்பில் இடம் கிடைத்ததா? எழுத்துப் பயிற்சியில் குழந்தைகள் பின்தங்கினார்களா?

இன்னொன்று: 'மாண்டிசோரி' என்ற பெயரை யாரும் வைத்துக்கொள்ளலாம். காலையில் குழந்தைகள் தாங்களே வேலை செய்ய இடையூறில்லாத மூன்று மணி நேரம், கலந்த வயது, பயிற்சி பெற்ற ஆசிரியர் தவிர வேறென்ன பார்க்க வேண்டும்?

மகள், பள்ளிச் சேர்க்கைக்கு வயதைக் கணக்கிடும் தேதிக்குப் பத்து நாள் பிந்திப் பிறந்தவள். விலக்குக் கேட்டு எழுதினால் பலன் உண்டா?